பூட்டனைத் தேடி முன்சீப் கோர்ட்டுக்கு

எங்கள் பூட்டனைப் (தாத்தாவின் அப்பா) பற்றி வீட்டில் மூன்றே பேச்சுதான் உண்டு. கரிசல் காட்டை ஏலத்தில் விட்டவர். சீட்டாட்டத்தில் கிடந்தவர். பொழுது அடைந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். தாத்தாவும் இதைத்தான் சொன்னார், அப்பாவும் இதைத்தான் சொன்னார். பூட்டனின் போட்டோ கிடையாது. பூட்டியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பூட்டி என்றே சொல்லிச் சொல்லிப் பெயர் மறைந்துவிட்டது.

ஊர் சாத்தூர் பக்கம். தாத்தா இருந்த வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே ஏழெட்டு கிஸ்தி (நிலவரி) ரசீது, கறையான் தின்றது போக மிச்சம். ஒன்றில் பூட்டனின் பெயர், பட்டா நம்பர், பசலி 1341 என்று இருந்தது. பசலி என்பது நிலவரிக் கணக்கு வருஷம். அதோடு 590 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். அதாவது 1931 ஜூலையிலிருந்து 1932 ஜூன் வரை. அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வேலையை ஆரம்பித்தேன். ஒன்றரை வருஷம் ஆயிற்று. இதே மாதிரி தேடுகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்றுதான் நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் சென்சஸில் தேடினேன். இங்கிலாந்தில் 1921-ல் எடுத்த சென்சஸ் தாள்களை நூறு வருஷம் கழித்து 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், வயசு என்ன, வேலை என்ன என்று வீட்டுக்காரர் கையாலேயே எழுதியது அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்த ஆசை. நம் ஊரிலும் 1931 பிப்ரவரி 26-ம் தேதி ராத்திரி வீடு வீடாகத் தலை எண்ணினார்கள். பூட்டன், பூட்டி, பிள்ளைகள் எல்லாரையும் யாரோ ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் எழுதியிருப்பார். அந்தத் தாள் ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

கிடைக்காது. 1901-லிருந்து நம் சென்சஸில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு போட்டு, அதை வகை வகையாகப் பிரித்து அடுக்கி எண்ணினார்கள். எண்ணி முடித்து அட்டவணை அச்சானதும் பெயர் எழுதிய தாள்களை யாரும் காத்து வைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவு, கணக்கெடுத்த தாள்களைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்கிறது. ஆக அச்சான புத்தகத்தில் தாலுகாவுக்கு எத்தனை பேர், எத்தனை வீடு என்று பார்க்கலாம். நம் வீட்டில் யார் இருந்தார்கள் என்று பார்க்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாசம் போயிற்று. உங்களுக்கு அந்த இரண்டு மாசம் மிச்சம்.

அப்புறம்தான் நிலத்தின் வழியாகப் போனேன். ஆள் செத்தாலும் நிலம் ஊரை விட்டுப் போகாதே. பட்டா நம்பரிலிருந்து பழைய சர்வே நம்பரைப் பிடிக்கவேண்டும். 1980-ல் கர்ணம், மணியம் என்ற பழைய கிராம அதிகாரிப் பதவிகளை எடுத்தபோது கிராமக் கணக்குகள் கை மாறின. அந்த வருஷங்களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டம் வந்து பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அதனால் இப்போதைய சிட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் போக முடியாது. யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு (சர்வே நம்பர் வாரியான நிலப் பதிவேடு) வேண்டும் என்று எழுதிக் கேட்கவேண்டும். 'பழைய அ-பதிவேடு' என்று மட்டும் கேட்டால் யூ.டி.ஆர். பதிவேட்டையே எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று.

எங்களிடம் இப்போது இருப்பது ஒரு காடு. பூட்டன் காலத்தில் இரண்டு இருந்தது. மேற்கே இருந்ததுதான் ஏலத்தில் போனது என்று பெரியத்தை அடையாளம் சொன்னார். அவருக்கு 81 வயசு. தாத்தாவின் மூத்த மகள், ஞாபகம் கெட்டி. இரண்டு சர்வே நம்பரையும் எடுத்துக்கொண்டு சப்ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனேன். நான் போனபோது கம்ப்யூட்டரில் வில்லங்கம் (சொத்தின் மேல் உள்ள பதிவுகளின் பட்டியல்) பெரும்பாலும் 1975-லிருந்துதான் வந்தது. அதற்கு முந்தையதுக்குக் கையால் தேடச் சொல்லி மனுப் போடவேண்டும், வருஷக் கணக்கில் தேடுகூலி கட்டவேண்டும். 1925 முதல் 1945 வரை கேட்டேன்.

இங்கே ஒரு தப்புப் பண்ணினேன். அட்டவணை இரண்டு வகை: ஒன்று ஆள் பெயரால், இன்னொன்று சொத்தால். நான் முதலில் பெயரால் தேடச் சொன்னேன். பூட்டனுக்கு இருந்தது குலசாமிப் பெயர். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர். தகப்பன் பெயரோடு சேர்த்துப் பார்த்தும் நாலு பேர் நின்றார்கள். சொத்து அட்டவணையில் சர்வே நம்பரைக் கொடுத்ததும் இரண்டே இரண்டு பதிவு வந்தது. இரண்டுமே எங்களுடையது.

ஒன்று, மேற்காட்டுக்கான கோர்ட் ஏல சர்டிபிகேட்டின் நகல், 1934. கோர்ட் ஏலத்தில் சொத்து விற்றால் சர்டிபிகேட்டின் நகலை கோர்ட்டே ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அனுப்பும். அவர்கள் அதை முதல் புத்தகத்தில் சேர்த்துவைப்பார்கள். பதிவுச் சட்டம் அப்படி. அந்த நகலில் வழக்கின் ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பரும் வருஷமும் இருக்கும். நம்பர் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் கடலில் ஊசி தேடுகிற கதைதான். நம்பர் இருந்தால் ஒரே ஒரு புத்தகம், ஒரே ஒரு வரி. இந்த ஒரு நகலுக்காகவே நிலத்தின் வழியாகப் போகலாம் என்று யாருக்கும் சொல்வேன்.

இன்னொன்று, கிழக்கே இருந்த கீழ்க்காட்டின் மேல் பூட்டன் எழுதிக் கொடுத்த ஈட்டுப் பத்திரம் (அடமானப் பத்திரம்). பிரமோதூத வருஷம் ஆவணி மாசம், 250 ரூபாய். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும் என்பதால் இதில் ஏமாந்துபோவது சுலபம். பிரமோதூத 1930-லும் வரும், 1990-லும் வரும், 1870-லும் வரும். பக்கத்தில் இங்கிலீஷ் தேதியும் இருந்ததால் 1930 என்று உறுதி. இந்தப் பத்திரத்துக்குப் பிறகு வருகிறேன்.

சரி, கோர்ட். 1910 வரைக்கும் சாத்தூர் திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தபோது அதில் சேர்ந்தது. ஆனால் ராமநாதபுரம் ஜில்லா கோர்ட் உட்கார்ந்திருந்தது மதுரையில். 1985-ல் ஜில்லா மறுபடி பிரிந்து, இப்போது விருதுநகர் மாவட்டத்தின் ஜில்லா கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆகவே 1932-ல் சாத்தூர் முன்சீப் கோர்ட்டில் (கீழ்நிலை சிவில் கோர்ட்) போட்ட வழக்கின் காகிதம் எந்த ஊர் ரெக்கார்ட் ரூமில் தூங்குகிறது என்பது விசாரித்துத்தான் தெரியும். ஒரு இடத்தில் நாங்கள் தேடிய வருஷத்துப் புத்தகமே இல்லை என்று கையை விரித்தார்கள். இன்னொரு இடத்தில் இருந்தது.

எனக்கு வழிகாட்டியது ஒரு வக்கீல் குமாஸ்தா அண்ணாச்சி. நாற்பது வருஷ அனுபவம். 'தம்பி, பிராது, சாட்சி வாக்குமூலம் எல்லாம் கேக்காதீங்க. அதெல்லாம் கெடு முடிஞ்சதும் அழிச்சிருப்பாங்க. சூட் ரிஜிஸ்தரைக் கேளுங்க' என்றார். அப்படி அழிப்பதற்கென்றே 1917-ல் ஒரு சட்டம் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து நமக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் வழக்குப் பதிவேடுதான். வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாவது ஆள் நகல் கேட்டால் எதற்காக என்று அபிடவிட்டோடு (சத்தியப் பிரமாணத்தோடு) மனுக் கொடுக்கவேண்டும். 'குடும்ப வரலாறு அறிய, மூன்றாவது பிரதிவாதியின் பேரன்' என்று எழுதினேன். மூன்றாவது பிரதிவாதி யார் என்று சொல்கிறேன்.

அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். சின்னத் தொகைக் கடன் வழக்குகளுக்கு ஸ்மால் காஸ் என்று தனிப் புத்தகம் உண்டு. ஓ.எஸ்.ஸில் ஆள் அகப்படவில்லை என்றால் வழக்கே இல்லை என்று எழுந்து வந்துவிடக்கூடாது. பிற்பாடு அதையும் பார்த்தேன். 1931-ல் கடைப் பாக்கி 62 ரூபாய்க்குப் பூட்டன்மேல் ஒரு வழக்கு அதில் இருந்தது.

சூட் ரிஜிஸ்தர் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். துணி பைண்டு, முதுகு கிழிந்திருந்தது. விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு வரிசை: தாக்கல் தேதி, வாதி, அவர் விவரம், ஊர், பிரதிவாதி, விவரம், ஊர், என்ன கேட்கிறார், எவ்வளவு, வழக்குக்குக் காரணம் எப்போது ஏற்பட்டது, தீர்ப்பு என்ன, அதற்கப்புறம் டிகிரியை (தீர்ப்பாணையை) நிறைவேற்றப் போட்ட மனுக்கள், எவ்வளவு வசூல், பிடிவாரண்டு உண்டா. எல்லாம் இங்கிலீஷில், மயிர்க்கோடு மாதிரி எழுத்து. கறுப்பு மை பழுத்து பழுப்பாகியிருந்தது. நம் ஊர்ப் பெயரை அந்தக் குமாஸ்தா மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார். சத்தம் போட்டு வாசித்தால்தான் நம் ஊர் என்றே தெரிகிறது.

வரிசை இதுதான். 1932 ஜனவரியில் தாக்கல். 1929 பிப்ரவரியில் எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டின் பேரில் அசல் 300, வட்டி சேர்த்து 405 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 300-க்கு மூன்று ரூபாய். 35 மாசத்துக்கு 105. சரியாக வருகிறது. அப்படியென்றால் பூட்டன் ஒரு மாச வட்டிகூடக் கட்டவில்லை. நோட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி. கடன் கொடுத்தவர் கடைசி மாசம் வரைக்கும் பொறுத்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் அவரை எமன் மாதிரி பேசுவார்கள். இந்த 35 மாசத்தைப் பார்த்தபிறகு எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை.

பிரதிவாதிக் கட்டத்தில் மூன்று பெயர். முதல் பிரதிவாதி பூட்டன். இரண்டாவது பிரதிவாதி, மைனர், வயது 9. மூன்றாவது பிரதிவாதி, மைனர், வயது 4. இருவருக்கும் கார்டியன், தாயார், இன்ன பெயர்.

நாலு வயசு மூன்றாவது பிரதிவாதி என் தாத்தா. கார்டியன், பூட்டி. அந்தப் பெயரை நான் வாழ்க்கையில் முதல்முதலாக வாசித்தது அந்தக் கட்டத்தில்தான். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை.

நாலு வயசுப் பிள்ளைமேல் எதற்கு வழக்கு என்று எனக்கும் தோன்றியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. தகப்பன் வாங்கிய கடன் ஒழுக்கக்கேடான காரியத்துக்கு இல்லை என்றால் மகன்கள் பங்கும் அதற்குக் கட்டுப்படும். அதனால் கடன் கொடுத்தவர்கள் மைனர்களையும் சேர்த்தே வழக்குப் போடுவார்கள். சென்சஸ் எனக்குத் தராத குடும்பக் கணக்கை, கடன் கொடுத்தவர் தன் பணத்துக்காக எழுதிவைத்துப் போயிருக்கிறார்: யார் மகன், எத்தனை வயசு, தாய் யார் என்று. டிகிரிக்குப் பின்னும் பணம் வராவிட்டால் மறுபடி மறுபடி இ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) போடுவார்கள். யாராவது செத்திருந்தால் வாரிசைச் சேர்ப்பார்கள். கஷ்டப்பட்ட குடும்பம்தான் கோர்ட் புத்தகத்தில் அடிக்கடி வருகிறது. கடன் இல்லாமல் இருந்த அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட இருக்காது.

வயசை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. அது வாதி சொன்ன குத்துமதிப்பு. 1935-ல் போட்ட ஒரு மனுவில் அந்த மூத்த பையனுக்கு 11 என்று இருக்கிறது, 12 வந்திருக்கவேண்டும். ஆனாலும் ஒன்றை இதிலிருந்து பிடித்தேன். அந்த மூத்தவர் எங்கள் பெரிய தாத்தா, கொழும்புக்குப் போய்க் கடையில் எடுபிடியாக இருந்தவர். 'பன்னிரண்டு வயசுல கப்பல் ஏறினாரு' என்பது அத்தை வாக்கு. வருஷம் யாருக்கும் தெரியாது. 1932-ல் ஒன்பது என்றால் 1934, 35-ல் போயிருக்கவேண்டும். மேற்காடு ஏலத்தில் போனது 1934. ஊர் சுற்றும் ஆசையில் ஓடிப்போனார் என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தோம்.

தீர்ப்பு 1932 மார்ச், எக்ஸ்பார்ட்டி. பூட்டன் வாய்தாவுக்கே போகவில்லை. 1933-ல் இ.பி. போட்டு மேற்காட்டை ஜப்தி செய்து, 1934-ல் 210 ரூபாய்க்கு ஏலம். எடுத்தவர் டிகிரிதாரரேதான், அதாவது கடன் கொடுத்தவர். செலவுத் தொகையும் சேர்ந்து ஏறியதால் பாக்கி நின்றது. அந்தப் பாக்கிக்காக 1934 கடைசியில் ஒன்று, 1935-ல் இரண்டு என மூன்று மனு. மூன்றும் ஆளைப் பிடித்து சிவில் ஜெயிலில் போடக் கேட்டவை. பக்கத்தில் சின்ன எழுத்தில்: வாரண்டு நிறைவேறவில்லை, ஆள் அகப்படவில்லை. மூன்று தடவையும் அதே வார்த்தை.

நகலை வாங்கிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். 'மூணு தடவையும் எப்படி அண்ணாச்சி தப்பிச்சாரு? ஊரைவிட்டுப் போகலையே' என்று கேட்டேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: 'பொழுது அடைஞ்சப்புறம் கோர்ட் அமீனா வீட்டுக்குள்ள நுழைய முடியாது தம்பி. சூரியன் மறைஞ்சதிலருந்து உதிக்கிற வரைக்கும். சி.பி.சி. 55. பகல்ல காட்டுலயோ ஓடையிலயோ இருந்துட்டு, இருட்டுனப்புறம் வீட்டுக்கு வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது.'

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொழுது அடைந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அவருக்குக் கெட்ட பெயராகச் சொல்லிவந்தது இதைத்தான். அன்று ராத்திரியே சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 1908 சிவில் நடைமுறைச் சட்டம், 55-வது பிரிவு. கடனாளியை எந்த நாளும் எந்த நேரமும் பிடிக்கலாம். ஆனால் பிடிப்பதற்காகச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது. அண்ணாச்சி சொன்னது சரிதான். ஆள் பிடிபட்டால் உள்ளே சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவரே கட்டவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 1936-ல் திருத்தம் வந்து, கொடுக்க வழியில்லாத ஏழையைப் பிடிக்கக்கூடாது, கையில் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவரைத்தான் பிடிக்கலாம் என்று ஆனது. எங்கள் பூட்டனின் மூன்று வாரண்டும் அதற்கு முந்தியவை.

மறுநாள் அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் பேசாமல் வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு, 'எங்கப்பா சொல்வாருய்யா. எங்கய்யா முகத்தை நான் விளக்கு வெளிச்சத்துலதான் பாத்திருக்கேன், பகல்ல எப்படி இருப்பாருன்னே தெரியாதுன்னு சொல்வாரு' என்றார். அப்போது தாத்தாவுக்கு ஆறேழு வயசு. அந்தப் பிள்ளைக்கு அது கோர்ட் என்று யார் சொல்லியிருப்பார்கள்? சீட்டாட்டம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிய வழியில்லை. பகலெல்லாம் காணாமல் போகிற ஆளுக்கு ஊர் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தானே செய்யும். அவர் சீட்டே ஆடவில்லை என்றும் நான் சாதிக்க மாட்டேன். பொழுது அடைந்து வந்ததுக்குக் காரணம் சீட்டாட்டம் இல்லை, அது மட்டும் உறுதி.

வீட்டுப் பேச்சை எல்லாம் காகிதம் தூக்கி நிறுத்திவிடாது என்பதையும் சொல்லவேண்டும். 'அண்டா குண்டா, உழவு மாடு எல்லாத்தையும் ஜப்தி பண்ணித் தூக்கிட்டுப் போனாங்க' என்று அத்தை சொல்வார். 60-வது பிரிவில், உடுத்துகிற துணி, சமையல் பாத்திரம், படுக்கை, விவசாயியின் கலப்பை, மாடு, விதைத் தானியம், பெண்கள் மத வழக்கப்படி கழற்றக்கூடாத நகை, இதையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்று இருக்கிறது. பதிவேட்டிலும் அசையும் பொருள் ஜப்திக்கு மனு எதுவும் இல்லை. அந்த 62 ரூபாய்க் கடைக்காரர் வழக்கில் நடந்திருக்கலாம், அல்லது அடுத்த வீட்டுக் கதை எங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதை என் நோட்டில் 'வாய்ச்செய்தி' என்று தனியாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பதிவேட்டில் கடைசியாக இரண்டு வரி. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரைக்கும் நின்ற வட்டிப் பாக்கி முழுக்கத் தள்ளுபடி. அசலில் பாக்கி இருப்பதைக் கட்டினால் போதும். அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. டிகிரி ஆகியிருந்தாலும் 19-வது பிரிவில் மனுப் போட்டுக் குறைக்கலாம். வாய்தாவுக்கே போகாத பூட்டன், இந்த மனுவைப் போட்டிருக்கிறார். 1938 கடைசியில் தாக்கல், தொகையைக் குறைத்து உத்தரவு. 1940-ல் 'முழுத் தொகையும் தீர்ந்தது' என்று பதிவு. அதற்கு மேல் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. பகலில் வீட்டுக்கு வராத மனிதர், கடனைக் கட்டித் தீர்த்திருக்கிறார். இந்தப் பாதியை வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை.

சரி, அந்த ஈட்டுப் பத்திரம். இது தமிழில், சப்ரிஜிஸ்தர் ஆபீஸ் புத்தகத்தில் கையால் பிரதி எடுத்தது. கடன் எதற்கு என்பது அதில் இருக்கிறது: 'குடும்ப அவசிய செலவுக்காகவும், கிணறு வெட்டிய வகையில் கொடுக்கவேண்டிய பாக்கிக்காகவும்.' வாசித்ததும் துள்ளினேன். அப்புறம் நிதானித்தேன். அந்தக் காலப் பத்திரங்களில் காரணம் எழுதுவது ஒரு முறை. குடும்ப அவசியம் என்று எழுதினால்தான் மகன்கள் பங்கும் கட்டுப்படும் என்பதால் பத்திரம் எழுதுகிறவரே இப்படி நாலு காரணத்தை அடுக்குவார். கிணறு, கல்யாணம், முன்கடன், வித்து வாங்க என்று. அதை மட்டும் வைத்துப் பூட்டன் கிணறு வெட்டினார் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இருக்குமே, அதைப் பார்த்தேன். நாலு எல்லையும் சொல்லிவிட்டு, 'இதன் மத்தியில் உள்ள புஞ்சையும் அதிலுள்ள புதுக்கிணறு ஒன்றும்' என்று இருந்தது. காரணத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், ஈடு வாங்குகிறவர் சொத்து விவரத்தில் ஏமாற மாட்டார். இல்லாத கிணற்றுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? 1930 ஆவணியில் அந்தக் கிணறு புதுசு. அப்படியானால் 1929 பிப்ரவரியில் வாங்கிய 300 ரூபாயும் இதற்குத்தான் போயிருக்கும் என்பது என் ஊகம், காகிதத்தில் இல்லை. கரிசலில் கிணறு வெட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பக்கம் சரியும், கல் கட்டவேண்டும். வெட்டி முடித்த நேரத்தில் உலக மந்தம் வந்து பருத்தி விலை விழுந்தது. போட்ட பணம் திரும்பவில்லை.

அந்தக் கிணறு எங்களுக்குத் தெரிந்த கிணறுதான். கீழ்க்காட்டில் இன்றைக்கும் இருக்கிறது. நான் நீச்சல் பழகியது அதில்தான். தாத்தா வெட்டிய கிணறு என்றே எல்லாரும் சொல்வோம், தாத்தாவும் மறுத்ததில்லை. அவருக்கு விவரம் தெரிந்தபோது அது புதுசாக இருந்திருக்காது. அந்த ஈட்டை 1944-ல் மீட்டதாக ரசீதுப் பத்திரம் இருக்கிறது. யுத்த காலத்தில் தானிய விலை ஏறியதும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து அதை மீட்டிருக்கவேண்டும்.

பத்திர நகலை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். 'புதுக்கிணறுங்கறத இன்னொரு தரம் படி' என்றார். மூன்று தடவை படித்தேன்.

பெண்பிள்ளைகள் விஷயம் மிச்சம் இருக்கிறது. கோர்ட் புத்தகத்தில் மகன்கள் மட்டும்தான் வருவார்கள். மகள்களுக்குச் சொத்தில் பங்கு இல்லாத காலம், அதனால் அவர்கள் பெயரில் வழக்குப் போட யாருக்கும் அவசியம் இல்லை. ஒன்பது வயசுக்கும் நாலு வயசுக்கும் நடுவில் ஐந்து வருஷ இடைவெளி என் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. கிராம முன்சீப் எழுதி அனுப்பிய பிறப்புப் பதிவேடு தாலுகா பதிவறையில் சில வருஷங்களுக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். 1925-க்கான ஏட்டில் பூட்டன் பெயர் இருந்தது. தகப்பன் பெயர், ஊர், தேதி. குழந்தைப் பெயர் கட்டத்தில் ஒரு கோடு. பக்கத்தில் 'பெண்' என்று ஒரே சொல். அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள், ஆண் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டம் பாதி இடத்தில் வெறுமைதான்.

அத்தையிடம் கேட்டேன், தாத்தாவுக்கு அக்கா உண்டா என்று. தெரியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனார். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கன்னி கும்பிடுவோம், கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன வீட்டுப் பெண்பிள்ளையைச் சாமியாக. பனையோலைப் பெட்டியில் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன் வைத்துப் படைத்து, மூடி, மூலையில் கட்டி வைத்துவிடுவோம். அடுத்த வருஷம் பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுசு வைப்போம். எந்தக் கன்னி என்று நான் கேட்டதே இல்லை. அத்தை அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். 'எங்கம்மா இந்த வீட்டுக்கு வாழ வரும்போதே இந்தப் பெட்டி இருந்துச்சாம். எங்க பூட்டிதான்... இல்ல, உனக்குப் பூட்டி, எனக்கு அப்பத்தா, அவங்கதான் துணி எடுப்பாங்களாம். பெரிய அளவு எடுக்கக் கூடாதும்பாங்களாம். ஆறு வயசுப் பிள்ளைக்கு எடுக்கற அளவு. இன்னைக்கும் கடையில அந்த அளவு சொல்லித்தான் நான் எடுக்கேன்.'

1925-ல் பிறந்த பிள்ளைக்கு ஆறு வயசு என்றால் 1931. அந்த பிப்ரவரி ராத்திரி வந்து எண்ணியவர் அவளையும் எண்ணியிருப்பாரா என்று தெரியவில்லை. இறப்புப் பதிவேட்டில் 1930, 1931, 1932 மூன்று வருஷத்தையும் பார்க்க அனுமதி கேட்டுத் தாலுகாவில் மனுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.